முதலில் வண்டிப்பாதை, பிறகு சைக்கிள்

ஆரணிப் பக்கம் ஒரு கழனி விலைக்கு வருகிறது என்றால், வாங்க வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி, கிணற்றில் தண்ணீர் நிற்குமா? அடுத்த கேள்வி, வண்டி போக வழி இருக்குதா? மண் எப்படி, பட்டா யார் பேரில், வில்லங்கம் உண்டா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். தண்ணீரைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். ஏரி, மதகு, கலிங்கல், வரத்துக் கால்வாய் என்று ஒவ்வொன்றுக்கும் மனு கொடுத்திருக்கிறோம், மறியலும் செய்திருக்கிறோம். வழியைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

காரணம், சைக்கிள். மழை விட்ட பிறகு, மார்கழி, தை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் கனத்த டயர் போட்ட மலைச் சைக்கிளில் இளைஞர்கள் நம்ம ஏரிக்கரைகளுக்கு வர ஆரம்பித்திருக்கிறார்கள். வேலூர், சென்னை பக்கத்துப் பிள்ளைகள். டீக்கடையில் நிறுத்தி, "அண்ணா, தார்ரோட்டுல ஏறாம மண்பாதையிலேயே படவேடு போக முடியுமா?" என்று கேட்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் சொல்கிற பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "முன்ன போவலாம் தம்பி, இப்ப முடியாது. நடுவுல அடைச்சிட்டாங்க."

அடைத்தது யார்? வெளியூர்க்காரரா? கம்பெனியா? பெரும்பாலும் நாமேதான். அந்தப் பாதை போனதால் நஷ்டம் யாருக்கு? சைக்கிள்காரருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நஷ்டம். நமக்கு விவசாயமே நஷ்டம்.

யூரியாவுக்குப் பாதை வேண்டாம், எருவுக்கு வேண்டும்

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரசாயன விவசாயம் செய்கிறவருக்கு உரம் என்பது மூட்டை. யூரியா மூட்டை 45 கிலோ. டி.வி.எஸ். மொபெட்டில் முன்னாடி வைத்துக்கொண்டு வரப்பு வரைக்கும் வந்துவிடலாம். அதுவும் முடியாவிட்டால் தலையில் வைத்துக்கொண்டு போகலாம். நமக்கு அப்படி இல்லை. தொழு உரம் ஏக்கருக்கு 5 டன் என்று வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. அது ரெண்டு மூன்று டிப்பர் லோடு. தழை வேண்டும், சாணம் வேண்டும், மூடாக்குப் போடச் சருகும் வைக்கோலும் வேண்டும். எல்லாம் இடத்தை அடைக்கிற பொருள். ஜீவாமிர்தம் கலக்கிற டிரம்மைக்கூட யாரும் தலையில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்க முடியாது.

வண்டிப்பாதை அடைபட்ட கழனியில் எரு போகாது. எரு போகாத கழனிக்கு மூட்டை தானாக வந்து சேரும். பலபேர் இயற்கை விவசாயத்தை ஆரம்பித்து ரெண்டாம் வருசமே விட்டுவிட்டதற்கு விளைச்சல் குறைந்தது, களை வந்தது என்று ஆயிரம் காரணம் சொல்கிறோம். அதில் பாதை இல்லாத கழனிகள் எத்தனை என்று நம் கூட்டங்களில் கேட்டுப் பாருங்கள். ரோட்டோரக் கழனிக்காரர் எரு அடிப்பார். உள்ளே இருக்கிறவர் பக்கத்து நிலத்துக்காரர் அறுவடை முடிக்கும் வரை காத்திருந்து, அவர் தயவில் டிராக்டரை உள்ளே விட வேண்டும். அந்தத் தயவும் ஒரு வருசம் இருக்கும், மறு வருசம் இருக்காது. அறுவடை எந்திரம் வர வழி இல்லாததால் முற்றிய நெல்லைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மழையில் விட்டவர்களும் உண்டு.

அதனால்தான் சொல்கிறேன், சைக்கிள்காரப் பிள்ளைகள் கேட்கிற கேள்வியும் நம்ம கேள்வியும் ஒன்றுதான். அவர்கள் விளையாட்டுக்குக் கேட்கிறார்கள், நாம் பிழைப்புக்குக் கேட்கிறோம்.

இங்கிலாந்தில் உழவர் பாதை விடுகிற கதை

மலைச் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் போனில் பார்ப்பதெல்லாம் இங்கிலாந்துக் கிராமப்புற வீடியோக்கள். மேடும் பள்ளமுமான பச்சை வெளி, நடுவே கோதுமைக் கொல்லை, அந்தக் கொல்லையை ரெண்டாகப் பிளந்துகொண்டு ஒரு மண்பாதை, பாதை முடிகிற இடத்தில் கல்வீடுகளும் பழைய மாதாகோயிலும் உள்ள ஒரு ஊர். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நான் அதில் கவனிக்கச் சொல்வது வேறு. அது தனியார் நிலம். உழுது விதைக்கிற ஒரு உழவருடைய கொல்லை. பிறகு எப்படி ஊர்பேர் தெரியாதவன் அதற்குள் சைக்கிளில் போகிறான்?

அங்கே அது சட்டப்படியான உரிமை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ரெண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பொதுப்பாதைகள் பதிவேட்டில் இருக்கின்றன. பெரும்பகுதி தனியார் நிலத்துக்குள்ளேயே போகிறது. அதில் சிலது நடப்பவர்களுக்கு மட்டும். சிலது குதிரைக்கும் உண்டு. இந்தக் குதிரைப்பாதையை அங்கே பிரைடில்வே என்கிறார்கள். 1968-ல் வந்த கிராமப்புறச் சட்டம்தான் குதிரைப்பாதையில் சைக்கிளும் போகலாம் என்று அனுமதித்தது. நிபந்தனையும் போட்டது: நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் சைக்கிள்காரர் வழி விட வேண்டும். இன்றைக்கு வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் கடற்கரை வரை 160 கிலோமீட்டர் போகிற சவுத் டவுன்ஸ் பாதை மலைச் சைக்கிள்காரர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பாதையாக இருப்பதற்கு அந்தச் சட்டம்தான் காரணம். ஆனாலும் மொத்தப் பொதுப்பாதைகளில் நாலில் ஒரு பங்குகூட சைக்கிளுக்குத் திறந்ததில்லை. எல்லா இடத்திலும் நுழைய யாருக்கும் அங்கே உரிமை கிடையாது.

இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அங்கே ஊர்ப் பொதுநிலங்களைச் சட்டம் போட்டே வேலி கட்டிப் பெரிய பண்ணைகளிடம் கொடுத்தார்கள். ஏழை உழவர்களும் மேய்ச்சல்காரர்களும் தெருவுக்கு வந்தார்கள். 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளிகள் சில நூறு பேர், கின்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டுக்குள் தடையை மீறி நடந்தார்கள். ஜமீன்தார்களின் வேட்டைக்காடு அது. சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். பிறகு 1949-ல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் தன் எல்லையில் உள்ள பொதுப்பாதைகளை எல்லாம் கணக்கெடுத்து, உறுதிப்படுத்திய வரைபடமாக வெளியிட வேண்டும் என்றது. அந்த வரைபடத்தில் கோடு இருந்தால் பாதை இருக்கிறது என்று அர்த்தம்.

உழவருக்கு என்ன கட்டளை என்பதையும் பாருங்கள். 1990 சட்டப்படி, கொல்லைக்கு நடுவே போகிற பாதையை உழவர் உழலாம். ஆனால் முதல் உழவு முடிந்து 14 நாளுக்குள் பாதையைத் திரும்ப மிதித்துச் சமப்படுத்திக் கொடுக்க வேண்டும். அதே பயிருக்காக மறுபடி உழுதால் 24 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். நடைபாதை என்றால் குறைந்தது ஒரு மீட்டர், குதிரைப்பாதை என்றால் ரெண்டு மீட்டர் அகலம். கொல்லை ஓரமாகப் போகிற பாதையை உழவே கூடாது. ரெண்டு மீட்டரை விட்டுக்கொடுத்ததால் இங்கிலாந்து உழவன் ஒன்றும் அழிந்துபோகவில்லை. அவனுக்கு இருக்கிற கஷ்டங்கள் வேறு.

நம்ம பதிவேட்டிலும் கோடு இருக்கிறது

இதைச் சொன்னால், "அது வெள்ளைக்காரன் நாடு, நமக்கு ஆகுமா?" என்பார்கள். நம்ம நிலத்தை அளந்து கல் நட்டு நம்பர் போட்டதும் அதே வெள்ளைக்காரன்தானே! அந்த அளவையில் நம்ம வண்டிப்பாதைகளும் பதிவாகியிருக்கின்றன. கிராம வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். அ பதிவேட்டைப் பாருங்கள். "வண்டிப்பாதை புறம்போக்கு" என்று தனிச் சர்வே நம்பரோடு இருக்கும். சில இடங்களில் தனி நம்பர் இருக்காது. பட்டா நிலத்துக்குள்ளேயே புள்ளிக்கோடாகப் புலப்படத்தில் காட்டியிருப்பார்கள். இந்த ரெண்டுக்கும் சட்டம் வேறுவேறு.

தனி நம்பர் உள்ள புறம்போக்குப் பாதை அரசு நிலம். அதை ஆக்கிரமித்தால் 1905-ம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றலாம். ஊராட்சிப் பாதைகளைக் காக்கிற பொறுப்பை 1994-ம் வருடத்து ஊராட்சிகள் சட்டம் ஊராட்சிக்கே கொடுத்திருக்கிறது. பட்டா நிலத்துக்குள் போகிற வழி என்றால் 1882-ம் வருடத்து வழியுரிமைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நிலத்துக்காரர் பக்கத்து நிலத்தின் வழியே 20 வருடம் தடையில்லாமல், உரிமையாக, எல்லோருக்கும் தெரியும்படி போய்வந்திருந்தால் அந்த வழி அவருக்கு உரிமையாகிறது. இங்கிலாந்திலும் அதே 20 வருடக் கணக்குதான். அங்கே பொதுமக்கள் 20 வருடம் தடையில்லாமல் நடந்த பாதையைப் பொதுப்பாதையாகப் பதியச் சொல்லிக் கேட்கலாம்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அங்கே பதிவேட்டில் உள்ள கோடு தரையிலும் இருக்கிறதா என்று பார்க்க ஆள் இருக்கிறார்கள். நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். நடந்தால்தான் பாதை. நம்ம ஊரில் மாட்டுவண்டி நின்றுபோன அன்றைக்கே பாதைக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. வருசத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுதார்கள். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சால். பத்து வருசத்தில் வண்டிப்பாதை வரப்பாகிவிட்டது. உழாத இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. ஊரோரத்தில் மனைப்பிரிவு போட்டவர்கள் பாதையின் தலையை வெட்டி, காம்பவுண்டு சுவர் வைத்துவிட்டார்கள்.

வழி மறிக்கிறது என்பது வெறும் வரப்புத் தகராறு என்று நினைத்துவிடக் கூடாது. சுடுகாட்டுக்குப் பிணம் எடுத்துப்போகிற வழிக்காகத் தமிழ்நாட்டில் இன்றைக்கும் போலீஸ் காவல் போட வேண்டியிருக்கிறது. கழனித் தண்ணீரில் இறங்கிப் பாடையைச் சுமந்துபோகிற ஊர்கள் உண்டு. பட்டணத்துச் சைக்கிளுக்கு வழிவிட்டுவிட்டு, சேரியிலிருந்து வருகிற பாடைக்கு வழி மறுக்கிற ஊர் சுற்றுலா பேசவே அருகதை இல்லாதது. பாதையைத் திறக்கிறோம் என்றால் எல்லோருக்கும் திறக்கிறோம்.

ஆரணியைச் சுற்றி என்ன இருக்கிறது?

இனி சைக்கிளுக்கு வருவோம். பார்க்கிற அளவுக்கு நம்ம பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் நம்மவர்கள்தான். வெளியூர்க்காரர் கேட்பதில்லை.

காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில் ஆரணி ரோடு என்ற நிலையம், ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. களம்பூர் அரிசியைத் தெரியாதவர் இல்லை. அங்கே இறங்கிப் போளூர்ப் பக்கமாகப் போனால் வடமாதிமங்கலத்துக்கு அருகே திருமலை. பாறையில் 16 மீட்டர் உயரத்துக்கு நேமிநாதர் நிற்கிறார். ராஜராஜன் அக்காள் குந்தவை பேரால் அமைந்த குந்தவை ஜினாலயம் இருக்கிறது. பழைய ஓவியங்களின் மிச்சமும் இருக்கிறது. ஆரணியை ஒட்டிய பூண்டியிலும் சமணக் கோயில் உண்டு. ஆரணி வட்டாரத்துத் தமிழ்ச் சமணர்கள், நாம் நயினார் என்று கூப்பிடுகிறவர்கள், தலைமுறை தலைமுறையாக உழவர்கள். உயிருக்குத் தீங்கு செய்யாமல் விவசாயம் செய்வது பற்றி அவர்களோடு உட்கார்ந்து பேசினாலே நமக்கு நாலு விஷயம் கிடைக்கும்.

தெற்கே தேவிகாபுரத்தில் பெரியநாயகி அம்மன் கோயிலும் கனககிரி மலையும். மேற்கே சந்தவாசல் வழியாகப் படவேடு. 13, 14-ம் நூற்றாண்டுகளில் சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர். இன்றைக்கு ரேணுகாம்பாள் கோயிலும், வாழைத் தோட்டங்களும், பின்னால் ஜவ்வாது மலையும். அந்த மலையிலிருந்துதான் கமண்டல நாகநதி இறங்கி ஆரணிக்கு வருகிறது. பூசிமலைக்குப்பத்தில் காட்டோரமாக ஆரணி ஜாகீர்தார்கள் கட்டின மாளிகை இடிந்து கிடக்கிறது. ஆரணிக் கோட்டை பக்கம் 1751-ல் கிளைவும், 1782-ல் ஹைதர் அலியும் சண்டை போட்டிருக்கிறார்கள். சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு என்று எங்கே திரும்பினாலும் தறிச்சத்தம்.

இவற்றை எல்லாம் இணைக்கத் தார்ரோடு இருக்கிறது. அதில் லாரியும் பஸ்ஸும் பறக்கிறது. ஆனால் இந்த ஊர்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டிருந்தது ஏரிக்கரையும் வண்டிப்பாதையும் ஓடைத்தடமும்தான். கோயிலுக்கும் சந்தைக்கும் பெண் எடுத்த ஊருக்கும் அதில்தான் போய்வந்தார்கள். புதிதாக ஒரு பாதை போட வேண்டிய அவசியம் இல்லை. இருந்ததைத் திறந்தால் போதும். தார் வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். மண்பாதையாகவே இருக்கட்டும். மலைச் சைக்கிளுக்கு அதுதான் வேண்டும். மாட்டுக் குளம்புக்கும் அதுதான் நல்லது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலை அடிவாரத்தில் காப்புக்காடு தொடங்குகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் சைக்கிள் விடுவது சரியில்லை. நான் சொல்வது ஊர்ப் பாதைகளை மட்டும்.

தறி நின்றுபோன நெசவுத் தெரு

இங்கிலாந்தில் இருந்து கற்க வேண்டியது ஒன்று இருந்தால், பயப்பட வேண்டியதும் ஒன்று இருக்கிறது. காட்ஸ்வோல்ட்ஸ் என்ற வட்டாரம், ஒரு காலத்தில் செம்மறி ஆட்டு ரோமத்தால் செழித்த பூமி. நமக்குப் பட்டு எப்படியோ, அவர்களுக்கு ரோமம் அப்படி. ரோம வியாபாரிகள் கொடுத்த பணத்தில்தான் அங்குள்ள பெரிய மாதாகோயில்கள் எழும்பின. அங்கே பைபரி என்ற சின்னக் கிராமத்தில் ஆர்லிங்டன் ரோ என்று ஒரு தெரு. 14-ம் நூற்றாண்டில் ரோமக் கிடங்காகக் கட்டினதை 17-ம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாற்றினார்கள். இன்றைக்கு இங்கிலாந்திலேயே அதிகம் போட்டோ எடுக்கப்படுகிற தெருக்களில் அது ஒன்று. சுற்றுலா பஸ்கள் வந்து குவிந்து, ஊர்க்காரர்கள் நடக்க இடம் இல்லை என்று புலம்புகிற அளவுக்கு ஆகிவிட்டது. எல்லாம் இருக்கிறது, தறி மட்டும் இல்லை. நெசவு எப்போதோ ஆலைகளுக்குப் போய்விட்டது. வீடு நின்றது, தொழில் போனது. போட்டோவுக்கு அது போதும்.

நம்ம நெசவுத் தெருக்கள் இன்னும் வேலை செய்கிற தெருக்கள். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டி, கஞ்சி போட்டு, இழை பிரித்து நிற்கிறார்கள். தெருதான் அவர்களுக்குப் பட்டறை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கார் உள்ளே வந்தால் பாவைத் தூக்க வேண்டும், புழுதி படியும், வேலை கெடும். சைக்கிள் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போகலாம். அதனால் விருந்தாளி வருவதானால் சைக்கிளில் வரட்டும் என்கிறேன். காருக்கும் ஜீப்புக்கும் பாதையை அகலப்படுத்திக் கொடுத்தோம் என்றால், பாவு நீட்டத் தெரு இருக்காது, எரு ஏற்றின வண்டி திரும்ப இடம் இருக்காது. பின்னாடியே ரிசார்ட்டுக்கு நிலம் கேட்டு ஆள் வருவான். விலை ஏறும். விலை ஏறின நிலத்தில் யாரும் நெல் விதைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறவரைக் கேளுங்கள். பக்கத்துக் கொல்லையில் பூச்சிமருந்து அடித்த காற்று இலையில் பட்டாலே புழு செத்துப்போகும். விஷம் இல்லாத ஊர் வேண்டும் என்பதில் பட்டுக்கும் நமக்கும் ஒரே வழக்கு. விஷம் அடிக்காத கழனிகளின் நடுவே போகிற பாதையில்தான் மூக்கைப் பொத்தாமல் ஒருவர் சைக்கிள் மிதிக்க முடியும். காட்ட வேண்டியது அதுதான்.

"இவனுங்க வந்தா திருட்டுப் போவும்"

எதிர்ப்பு இல்லாமல் இருக்காது. சில கேள்விகள் நியாயமானவை. அறுவடை நேரத்தில் தெரியாத ஆட்கள் சுற்றினால் மல்லாட்டையும் இளநீரும் இருக்குமா? கழனியில் நாற்று நடுகிற பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுத்துப் போட்டால் என்ன செய்வது? பிளாஸ்டிக் பாட்டிலை வாய்க்காலில் எறிந்துவிட்டுப் போனால்? மிரண்ட மாடு கயிறு அறுத்து ஓடினால்?

இதற்கு இங்கிலாந்தில் 1951-லேயே விதிகள் எழுதி வைத்தார்கள். திறந்த வேலிக்கதவை மூடிவிட்டுப் போ, பயிரை மிதிக்காதே, நாயைக் கட்டிப் பிடி, குப்பையை எடுத்துக்கொண்டு போ என்கிற மாதிரி. 2001-ல் அங்கே கோமாரி பரவியபோது பாதைகளையே மாதக்கணக்கில் மூடினார்கள். கால்நடைதான் முதலில், நடப்பவன் பிறகு என்ற முடிவு அது. பாதைகள் மூடினவுடன் கிராமத்துச் சிறு கடைகளும் தங்கும் விடுதிகளும் ஆட்டம் கண்டன. பாதையை நம்பி எத்தனை குடும்பம் பிழைத்தது என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது.

நம்ம விதியை நாம் எழுதுவோம். நடவும் அறுவடையும் நடக்கிற இடத்தில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. மாடு எதிரே வந்தால் நிற்க வேண்டும். கோமாரி வந்தால் பாதை மூடப்படும். பெட்ரோல் வண்டிக்கு அனுமதி கிடையாது, உழவருக்குச் சொந்தமானது தவிர. கோடையில் யாரும் வர வேண்டாம், நமக்கே அப்போது வெயில் தாங்காது. கார்த்திகை கடைசியில் இருந்து மாசி வரைக்கும் போதும். நெருஞ்சி முள்ளும் கருவேல முள்ளும் டயரைப் பதம் பார்க்கும், பஞ்சர் சாமான் கொண்டுவரட்டும்.

திருட்டு பயத்துக்கு ஒரு பதில்: ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில்தான் மோட்டாரும் ஒயரும் திருடு போகிறது. நாலுபேர் போய்வருகிற பாதை காவல் இருக்கிற பாதை.

சைக்கிள் பட்டணத்துப் பிள்ளைகளின் பொழுதுபோக்குதானே என்று ஒதுக்குகிறவர்கள் புதுக்கோட்டையை மறந்துவிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். தண்ணீர்க் குடமும் விறகும் கட்டிக்கொண்டு, யாரையும் எதிர்பார்க்காமல் போய்வந்தார்கள். இன்றைக்குப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கிறது. அந்தப் பெண்பிள்ளை லாரி பறக்கிற ரோட்டில் ஓரம் தேடி ஓட்டுகிறாள். ஏரிக்கரைப் பாதை முள் இல்லாமல் இருந்தால் அவள் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போவாள். வெளியூர்க்காரரைவிட முதலில் அவளுக்குத்தான் அந்தப் பாதை.

செய்ய வேண்டியது

ஒன்று, உங்கள் ஊர்க் கிராம வரைபடத்தையும், உங்கள் கழனியைச் சுற்றியுள்ள புலப்படங்களையும் வாங்குங்கள். வண்டிப்பாதை எங்கே போனது என்று நாலு பெரியவர்களை வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். அவர்கள் இருக்கும்போதே நடந்துவிட வேண்டும். எந்தப் புளியமரத்தடியில் வண்டி திரும்பும், எந்த ஓடையில் இறங்கி ஏறும் என்பது அவர்கள் நினைவில்தான் இருக்கிறது.

ரெண்டு, தானாக விட்டுக்கொடுக்கிறவர்களில் இருந்து ஆரம்பியுங்கள். முதலில் நம் இயக்கத்து உழவர்கள் தங்கள் பக்கத்துச் சாலைப் பின்வாங்கட்டும். பாதையை விழுங்கிக்கொண்டு நாம் ஊருக்கு உபதேசம் செய்ய முடியாது.

மூன்று, கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருசத்துக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. பாதையின் சர்வே நம்பரைக் குறிப்பிட்டு, அளந்து கல் நட வேண்டும் என்று எழுதுங்கள். நம்பர் இல்லாத தீர்மானத்தை யாரும் மதிப்பதில்லை. வி.ஏ.ஓ., நில அளவர், தாசில்தார் என்று வரிசையாக மனு போகட்டும்.

நாலு, மீட்ட பாதையில் முள் வெட்டி, மண் கொட்டி, ஓரத்தில் பனையும் புங்கனும் வேம்பும் வையுங்கள். புங்கந்தழை நமக்கு உரம், வேப்பங்கொட்டை நமக்கு மருந்து. பனை எல்லைக் கல் மாதிரி நிற்கும், அதைச் சால் போட்டு நகர்த்த முடியாது.

ஐந்து, இதெல்லாம் ஆன பிறகு சைக்கிள்காரர்களைக் கூப்பிடுங்கள். பாதையோரம் ரெண்டு மூன்று உழவர் வீடுகள் காலைச் சாப்பாடு கொடுக்கட்டும். கேழ்வரகுக் கூழ், களி, ஜவ்வாது மலைச் சாமைச் சோறு, வேகவைத்த மல்லாட்டை, மோர். விலையை வெட்கப்படாமல் சொல்லுங்கள். போகும்போது ரெண்டு கிலோ அரிசியும் ஒரு லிட்டர் செக்கெண்ணெயும் வாங்கிக்கொண்டு போவார்கள். மறு மாதம் போன் போட்டு அனுப்பச் சொல்வார்கள். தரகர் இல்லாமல் ஒரு வாடிக்கை அப்படித்தான் பிடிக்க முடியும். நம்ம சான்றிதழைவிடப் பெரிய சான்று, கழனியைக் கண்ணால் பார்த்தவர் வாயால் சொல்வது. வருமானம் பெரிதாகக் கொட்டும் என்று ஆசை காட்ட மாட்டேன். சைக்கிள்காரர் ஒருவர்கூட வராவிட்டாலும் உங்கள் கழனிக்கு எரு போக வழி கிடைத்திருக்கும்.

நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்துதான் இந்த விவசாயத்தைச் சொன்னார். எத்தனையோ ஊரில் வரப்பிலும் வண்டிப்பாதையிலும் அவர் பின்னால் நடந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அடுத்த கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு நாள் காலையில், நாலுபேர் சேர்ந்து, புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பாதையை ஒருமுறை முழுசாக நடந்துவிடுங்கள். அடைபட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து நம் மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள். அங்கிருந்து ஆரம்பிப்போம்.